அப்பாவின் பீடியும் என் பத்து விரல்களும்

பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழிக்க ஆரம்பித்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது. கத்தரிக்கோல் அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்க முடிந்தது, அழுத்தத்தான் முடியவில்லை. விடிகாலை ஐந்தரை மணிக்கு என் விரல்கள் யாரோ இரவல் கொடுத்தவை மாதிரி இருக்கும். குழாயைத் திருக உள்ளங்கையின் அடிப்பாகம். பேஸ்ட் டியூபைப் பிதுக்க முழங்கை. ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட, தூங்கிக்கொண்டிருக்கும் மகளை எழுப்ப வேண்டும். ஏழு மணி வாக்கில் விரல்கள் ஒவ்வொன்றாக இளகும். எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றுமே நடக்காதவள் போல வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். அதனாலேயே யாரும் நம்பவில்லை. பத்து மணிக்கு மேல் எனக்கே நம்பிக்கை வராது.

2016 கடைசியில் ஆரம்பித்தது இது. அப்போது எனக்கு 38 வயது. ஒன்றரை வருடம் பல வாசல்கள் ஏறி இறங்கினேன். ஒருவர் யூரிக் ஆசிட் என்றார். இன்னொருவர் கால்சியம் கம்மி என்றார். தெருமுனை டாக்டர் ஒருவர், 2006-ல் ஊரையே மூலையில் உட்காரவைத்த சிக்குன்குனியாவின் மிச்சம் இது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு வலி ஊசி போட்டார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்ததுதான். சிக்குன்குனியா சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட மூட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும். ஆனால் பத்து வருடம் சும்மா இருந்துவிட்டுத் திரும்ப வந்து வீங்குமா என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

2018-ல்தான் மூட்டுவாத நிபுணர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா ஸ்கேன் எதையும் பார்க்கவில்லை. கையைக் குலுக்குவதுபோல் பிடித்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். நாலு நாள் கழித்து ரிப்போர்ட்டோடு போனேன். துணைக்கு அப்பா வந்திருந்தார்.

"ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ். நம்ம எதிர்ப்புச் சக்தியே நம்ம மூட்டைத் தாக்குற நோய். தமிழ்ல முடக்குவாதம்னு சொல்லுவாங்க" என்றார் டாக்டரம்மா. அந்தப் பெயரே பாதி உயிரை எடுத்துவிடும். அப்புறம் ஊரில் பாதிப் பேர் அதைப் பக்கவாதம் என்று கேட்டுக்கொண்டு, "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சாமே" என்று துக்கம் விசாரிக்க வந்தார்கள், அது தனிக்கதை. மீதிப் பேர் வாதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார்கள்.

டாக்டரம்மா குறிப்பு எழுதிக்கொண்டே வரிசையாகக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது? பெரியத்தைக்கு விரல்கள் கோணிப்போயிருந்தன, சரவாங்கி என்பாள், தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டினாள் என்றேன். ஈறில் ரத்தம் வருமா? வரும். முன்னே என்ன வேலை? ஸ்பின்னிங் மில்லில் மூன்று வருடம். கடைசியாக, பேனாவை வைத்துவிட்டு: "வீட்டுல யாராவது பீடி, சிகரெட்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அப்பாவை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்திருக்கும். கோயம்புத்தூரில் மில் தொழிலாளர்களுக்கான லைன் வீடு எங்களுடையது. ஒரு ரூம், ஒரு சமையல் தடுப்பு, முன்னால் சிமென்ட் திட்டு. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் அந்த ஒரு ரூமில்தான் படுப்பார், எழுந்தால் அங்கேயேதான் பற்றவைப்பார். நாளைக்கு ஒரு கட்டு. சில நாள் ஒன்றரை. மழைக்காலத்தில் கதவைச் சாத்தினால் நானும் தம்பியும் அந்தப் புகைக்குள் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினோம். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. 80களில் பஸ்ஸிலேயே குடிப்பார்கள். பொது இடங்களில் புகை கூடாது என்ற தடை நாடு முழுக்க முறையாக நடைமுறைக்கு வந்ததே 2008 அக்டோபர் 2-ல்தான். அதற்குள் எனக்கே முப்பது வயது.

அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா பேசவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நா குடிச்சதுனாலயா கண்ணு?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன். மனசுக்குள் "வேற யாரு?" என்றிருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. அடுத்த சில வருடங்கள் நான் இந்த நோயைப் பற்றிப் படித்ததெல்லாம் குணமாவதற்கு இல்லை. ஒரு ஆளைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதற்காகத்தான்.

முதலில் பிடிபட்டது புகைதான், அதுவும் தற்செயலாக. 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கருத்தடை மாத்திரைக்கும் மூட்டு நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, 17,000 பெண்களைப் பல வருடங்களாகப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாத்திரையில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. சிகரெட் சிக்கியது. புகைத்த பெண்களுக்கு முடக்குவாதம் கூடுதலாக வந்திருந்தது. யாரும் எதிர்பார்க்காத முடிவு என்பதால் உடனே யாரும் அதைக் கொண்டாடவும் இல்லை. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் புகை கெடுதல் என்றால் புரிகிறது, விரல் கணுவுக்கும் சிகரெட்டுக்கும் என்ன உறவு?

அந்த உறவைக் கண்டுபிடித்த கதைதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி. ஸ்வீடனில் 1996 முதல் எய்ரா என்ற ஆய்வை நடத்தி வருகிறார்கள். புதிதாக நோய் கண்ட ஒருவர், அவருடைய வயதிலும் அதே பகுதியிலும் வாழும் நோயில்லாத ஒருவர் என்று ஜோடி சேர்த்து, என்ன வேலை, என்ன பழக்கம் என்று எல்லாவற்றையும் கேட்டு, ரத்தமும் எடுத்து வைப்பார்கள். கரோலின்ஸ்கா நிறுவனத்தின் லார்ஸ் கிளாரெஸ்காக் குழு 2006-ல் இதிலிருந்து ஒரு முடிவை வெளியிட்டது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

நம் உடம்பின் புரதம் என்பது பல வகை மணிகள் கோத்த சரம். அதில் ஆர்ஜினின் என்று ஒரு மணி. உடம்பிலேயே இருக்கும் ஒரு நொதி சில சமயம் இந்த மணியை லேசாக மாற்றி சிட்ருலின் ஆக்கிவிடும். இது எல்லோருக்கும் நடப்பது. எங்கே அழற்சி இருக்கிறதோ அங்கே அதிகமாக நடக்கும். சிட்ருலினை முதலில் பிரித்தெடுத்தது தர்பூசணிச் சாற்றிலிருந்து, ஜப்பானில், 1914-ல். பெயரும் தர்பூசணியின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். (இதைப் படித்துவிட்டு யாரும் வெயில் காலத்தில் தர்பூசணியை நிறுத்த வேண்டாம். உருளைக்கிழங்கு ஏற்கெனவே அநியாயமாகத் தண்டனை அனுபவிக்கிறது.) புகைப்பவர்களின் நுரையீரலுக்குள் உப்புநீரை விட்டுக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, அந்தச் செல்களில் இப்படி மணி மாறிய புரதங்கள் இருந்தன. புகைக்காதவர்களிடம் இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே எச்.எல்.ஏ. என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட அமைப்பு இருக்கும். அவர்களுடைய எதிர்ப்புச் சக்தி, மணி மாறிய சரத்தைப் பார்த்ததும் இது நம் வீட்டுச் சரக்கு இல்லை என்று முடிவு கட்டி எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கிவிடும். என் ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் பாசிட்டிவ் என்று இருந்த ஆன்டி சிசிபி அந்த எதிர்ப்பொருள்தான்.

அதாவது வலிப்பது விரலில், ஆரம்பம் மூச்சுக்குழாயில்.

அந்த ஆய்வில் வந்த எண் 21. புகையும் இல்லை, அந்த மரபணு அமைப்பும் இல்லை என்பவரோடு ஒப்பிட்டால், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அந்த அமைப்பை வாங்கிக்கொண்டு புகைக்கவும் செய்கிறவருக்கு ஆன்டி சிசிபி பாசிட்டிவ் நோய் வரும் ஆபத்து 21 மடங்கு. 2011-ல் அதே நாட்டுக்காரர்கள் இன்னொரு கணக்குப் போட்டார்கள். அவர்கள் ஊரில் இந்த பாசிட்டிவ் வகை நோயில் சுமார் 35 சதவீதத்துக்குப் புகை பொறுப்பு என்று வந்தது. ஆன்டி சிசிபி இல்லாத வகையில் புகையின் பங்கு குறைவு.

இன்னொன்று. ஸ்வீடன்காரர்கள் உதட்டுக்கு அடியில் ஈரப் புகையிலைப் பொடியை அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். நிக்கோடின் அதிலும் ஏராளம். ஆனால் அந்தப் பழக்கத்துக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2014-ல் பார்த்தார்கள். ஆக, விவகாரம் நிக்கோடினில் இல்லை போலிருக்கிறது, நுரையீரலுக்குள் போகும் புகையிலும் துகளிலும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது ஹான்ஸ் பாக்கெட்டுக்கு மாறினால், வாய்ப் புற்றுநோய் வார்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

சரி, புகை குற்றவாளி. ஆனால் நான் ஒரு இழுப்புகூட இழுத்ததில்லையே. நம் ஊரில் பெண்கள் எத்தனை பேர் புகைக்கிறார்கள்? 2016-17-ல் எடுத்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், புகைக்கும் பெண்கள் 2 சதவீதம். முடக்குவாதமோ ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்த கிளினிக்கின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து பாருங்கள், பத்துக்கு எட்டு புடவையும் சுடிதாரும்தான். ஸ்வீடனின் கணக்கை அப்படியே தூக்கிவந்து நம் அறையில் விரிக்க முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். நம் பெண்களின் மூச்சுக்குள் போனது வேறு என்னவோ.

அதே கணக்கெடுப்பில் வீட்டுக்குள்ளேயே மற்றவர் விடும் புகையைச் சுவாசிப்பவர்கள் 38.7 சதவீதம் என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லைன் வீட்டின் சாத்திய கதவு கண்ணுக்குள் வந்து நின்றது. பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அங்கேதான் வழக்கு இடறியது. அமெரிக்க நர்சுகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வில், சின்ன வயதில் பெற்றோர் புகைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, பின்னாளில் அவர்கள் தாமே புகைத்ததைக் கழித்துப் பார்த்தாலும், ரத்தத்தில் எதிர்ப்பொருள் உள்ள வகை முடக்குவாதம் கூடுதலாக வந்திருந்தது. 2021-ல் வெளியானது. ஆனால் ஸ்வீடனின் அதே எய்ரா ஆய்வு, என்றைக்குமே புகைக்காதவர்களை மட்டும் எடுத்து, மற்றவர் புகையைச் சுவாசித்ததால் இந்த நோய் கூடுகிறதா என்று 2018-ல் பார்த்தபோது தொடர்பு எதுவும் தெரியவில்லை. அப்பாவைக் கூண்டில் ஏற்ற ஒரு ஆய்வு, இறக்கிவிட ஒரு ஆய்வு. வாய்தா மேல் வாய்தா.

இதற்கு நடுவே நான் மறந்தே போயிருந்த ஒன்று கண்ணில் பட்டது. பஞ்சு.

1995-ல் எனக்கு 17 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்யாணம் வரைக்கும் மூன்று வருடம் மில்லுக்குப் போனேன். முதலில் கோன் வைண்டிங், அப்புறம் ஸ்பின்னிங். இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும், அதுதான் வேலை. விளக்கைச் சுற்றிப் பஞ்சுத் துகள் எப்போதும் பனி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம் நரைத்திருக்கும், இமை முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், காறித் துப்பினால் அதிலும் நூல். பஞ்சை உதிர்த்துச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் ப்ளோ ரூமிலும் இதைவிட மோசம், அங்கே ஆளையே கண்டுபிடிக்க முடியாது. முகத்துக்குத் துணி கட்டினால் மூச்சு முட்டும், வியர்க்கும், அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வோம். சூப்பர்வைசர் ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். தொண்டையில் மாட்டிய பஞ்சு அதோடு வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். தொண்டையில் மாட்டியது இறங்கியிருக்கலாம். நுரையீரலுக்குள் போனதற்கு வெல்லம் என்ன செய்யும்? பஞ்சுத் தூசியால் மில் ஆட்களுக்கு வரும் மூச்சிறைப்பு பற்றி அப்போதே தெரியும், அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர் அதில்தான் வீட்டோடு உட்கார்ந்தார்கள். மூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

சொன்னவர்கள் மலேசியாக்காரர்கள். ஸ்வீடனின் ஆய்வைப் போலவே அங்கே ஒன்றை நடத்தினார்கள். மலாய், சீன, இந்திய வம்சாவளிப் பெண்கள், நோய் உள்ளவர்கள் 900 பேருக்கு மேல், இல்லாதவர்களும் அதே அளவு. இந்தப் பெண்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு. அதனால் வழக்கமாகப் புகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மற்ற காரணங்கள் வெளியே தெரிந்தன. வேலையில் துணி, நூல் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு முடக்குவாத ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த மரபணு அமைப்பும் சேர்ந்திருந்தால், ஆன்டி சிசிபி பாசிட்டிவ் வகைக்கு 39 மடங்கு. அந்த வரியை நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, ஃபோனில் படித்தேன். கீழே பக்கெட்டில் இன்னும் பாதித் துணி பிழியாமல் கிடந்தது, பிழிய முடியாமல் விட்டது.

தூசி என்றால் பஞ்சு மட்டும் இல்லை. இன்னும் பழைய கதை கல் தூசி. 1953-ல் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஆன்டனி கேப்லன் என்ற டாக்டர், முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரலில் ஒரு தனி மாதிரியான உருண்டைக் கட்டிகளைக் கண்டார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். பாறை துளைப்பது, கல் உடைப்பது போன்ற வேலைகளில் வரும் சிலிக்கா தூசியும் இந்த நோயைக் கூட்டுகிறது, அதோடு புகையும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கிறது என்பதை ஸ்வீடனில் பார்த்திருக்கிறார்கள். அங்கே கொத்தனார்கள், கான்கிரீட் வேலைக்காரர்களிடம் கூடுதலாக இருந்தது.

எங்கள் கிளினிக்கில் ஒரு கொத்தனார் உண்டு. வருகிற நாளில் எனக்கு முன்னாலோ பின்னாலோ டோக்கன் இருக்கும். விரல் முழுக்கச் சிமென்ட் தின்ற தோல், அதற்கு மேல் வீக்கம். டாக்டரம்மாவின் அறைக் கதவு எப்போதும் ஒரு சாண் திறந்திருக்கும் என்பதால் அவருக்கு விழுந்த திட்டு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஐயா, நான் கொடுக்கிற மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, நீங்க குடிக்கிற பீடி இன்னொரு பக்கம் இழுக்குது. ஆறு மாசமா டோஸ் ஏத்திக்கிட்டே இருக்கேன்." அவர் சொன்னது மிரட்டல் இல்லை. புகைப்பவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும், அதற்கு அடுத்த கட்டமான விலை உயர்ந்த ஊசிகளும் மற்றவர்களுக்குச் செய்யும் அளவுக்கு வேலை செய்வதில்லை என்பது 2011-லேயே தெரிந்த விஷயம். கொத்தனார் வெளியே வந்து, மருந்துச் சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அங்கே ஏற்கெனவே இருந்த பீடிக்கட்டை எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளேயே வைத்தார். அவர் குடித்தாரா விட்டாரா என்று தெரிந்துகொள்வதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஈறு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் ரொம்ப நாள் நம்பவில்லை. ஈறு நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றிடம், மணியை மாற்றும் அந்த நொதியின் வேறொரு வகை சொந்தமாகவே இருக்கிறது. நுரையீரலில் புகை செய்யும் வேலையை அது வாய்க்குள்ளேயே செய்யக்கூடும். புகைப்பவர்களுக்கு ஈறும் சீக்கிரம் கெடும். இதைத் தெரிந்துகொண்ட மறுவாரம் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். அப்புறம் உடல் பருமன் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, நீண்ட நாள் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு ஆபத்து குறைகிறது. மெயின் ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் கூடுகிறதா என்றால் அமெரிக்க நர்சுகளின் கணக்கு ஆமாம் என்கிறது, காற்று மாசு பற்றிய மற்ற கணக்குகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கின்றன.

என்னிடம் இப்போது சந்தேகப் பட்டியல் நீளமாக இருந்தது. பெரியத்தையின் ரத்தம், அப்பாவின் பீடி, மில்லின் பஞ்சு, என் ஈறு. ஒரு செக்கப்பின்போது டாக்டரம்மாவிடம், நேரமிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இதையெல்லாம் சொல்லி, இதில் எது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடிக்கும். "இரட்டையர்களைப் பத்திப் படிச்சீங்களா?" என்றார். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு அச்சு அசல் ஒன்று. ஆனால் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். "அப்ப ரத்தம் மட்டும் போதாது. சரி, வெளியில இருக்கிறதை எடுங்க. பீடி குடிக்கிற நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு மேல இது வர்றதே இல்லை. உங்க அப்பாவுக்கே வரலையே. ஆயிரம் பேரை நிறுத்தி இதுல இத்தனை பேருக்குப் புகையால வந்ததுன்னு நான் சொல்ல முடியும். அந்த வரிசையில நிக்கிற உங்களைக் காட்டி இதனாலதான்னு சொல்ல முடியாது."

"ஆனா ஒண்ணு" என்று தொடர்ந்தார். ரத்ததானம் செய்தவர்களின் ரத்தத்தை நெதர்லாந்தில் உறையவைத்துச் சேமித்திருந்தார்கள். அவர்களில் பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, மூட்டு வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே, சிலருக்குப் பத்து வருடத்துக்கும் மேலாகவே, எதிர்ப்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. "உங்க விரல் வீங்கினது 2016. தீ எப்பப் பத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2010? 2006? மகள் பிறந்த வருடம்? அப்போதெல்லாம் நான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். விரலில் ஒரு வலியும் கிடையாது.

வழக்கை அன்றைக்கு மூடவில்லை. அலுத்துப்போய்த்தான் விட்டேன். ஆனால் கோபம் ஒரு இடம் மாறியது, அதைச் சொல்ல வேண்டும். அப்பா லைன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்ததற்கு, அவருக்கு இன்னொரு ரூம் இல்லாததும் ஒரு காரணம். எனக்கு வெல்லக்கட்டி கொடுத்தவர்களுக்குத் தூசியை உறிஞ்சும் இயந்திரம் என்று ஒன்று இருப்பது தெரியாமலா இருந்தது? புகை பிடிக்காதே என்று தனி ஆளிடம் சொல்ல எல்லோருக்கும் வாய் வருகிறது. சினிமா தியேட்டரில்கூடப் படம் போட்டுச் சொல்கிறார்கள். பஞ்சைச் சுவாசிக்காதே என்று 17 வயதுப் பெண்ணிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அவள் சுவாசிக்காமல் எப்படி இழையை முடிவாள்?

அப்பாவுக்கு இப்போது 74. என் ரிப்போர்ட் வந்த மாதத்தோடு பீடியை விட்டுவிட்டார். நான் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. தீப்பெட்டி மட்டும் இன்னும் சட்டைப்பையில் இருக்கும், சும்மா உருட்டிக்கொண்டிருப்பார். நானும் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் போட்டுக்கொண்டு, காலை வேளைகளை ஓரளவு மீட்டுவிட்டேன். பால் பாக்கெட்டுக்குக் கத்தரிக்கோல் போதும் இப்போது. மூடியைத் திருகும் வேலைகள்தான் இன்னும் தகராறு.

மிச்சம் இருப்பவன் தம்பி. திருப்பூரில் இருக்கிறான், வயது 41. அதே பெரியத்தையின் ரத்தம், அதே லைன் வீட்டுப் புகை, இப்போது பனியன் கம்பெனியில் வேலை, கூடவே சொந்தமாக சிகரெட். உடன்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட சுமார் மூன்று மடங்கு. அவனையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லவா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வலி, வீக்கம் இல்லாதபோது டெஸ்ட் எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள், சிகரெட்டை விடச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். "நாளைக்கு அஞ்சுதானக்கா" என்றான். ஸ்வீடனில் 34,000 பெண்களைப் பார்த்த ஒரு ஆய்வில், நாளைக்கு ஒன்று முதல் ஏழு வரை குடித்தவர்களுக்கே ஆபத்து இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது என்றேன். "அதெல்லாம் பொம்பளைங்களுக்கு" என்றான். ஆண்களுக்குத்தான் புகையால் ஏறும் அளவு இன்னும் அதிகம் என்றேன். அதற்குப் பதில் இல்லை. விட்டால் உடனே குறைந்துவிடுமா என்று கேட்டான். நான் பொய் சொல்லவில்லை. விட்ட பிறகும் இருபது வருடம் வரைக்கும் அதன் நிழல் இருக்கும், முப்பது வருடம் விட்டவர்களுக்கு, சமீபத்தில் விட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே குறைந்திருக்கிறது என்று அமெரிக்க நர்சுகளின் கணக்கைச் சொன்னேன். "அப்ப இன்னைக்கு விட்டா எனக்கு எழுபத்தொண்ணுல சரியாகும்" என்று சிரித்தான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். உள்ளே நுழையும்போதே ஹால்ஸ் வாசம். அவன் ஹால்ஸ் போட்டால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டேன். ஊறுகாய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் நீட்டினேன். வாங்கினான். உடனே திறக்காமல், ஒருமுறை தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் ஒரே திருகில் திறந்து என் இலைப் பக்கம் வைத்தான்.